சோற்றை விட்ட காரணம்

தவக்காலம் மூன்றாம் வாரம், வெள்ளி இரவு

கிளினிக் தராசில் இன்றும் எண்பத்தொன்பதுதான். சோற்றை விட்டு இருபத்து நான்கு நாளாகிறது. தினமும் விடியற்காலையில் திடலை ஐந்து சுற்று நடக்கிறேன். ஒரு கிலோகூட இறங்கவில்லை. ஐந்து கிலோ குறைந்தால்தான் முட்டியில் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி போக வேண்டும்.

மாலையில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கஞ்சி ஊற்றினார்கள். நான் கோப்பையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு மேரி எல்லோர் முன்னாலும், "அக்காவுக்கு வேணாம் லா. மகனுக்கு வேலை கிடைக்கணும்னு சோத்தையே விட்டுட்டாங்க" என்றாள். ஃபாதர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அப்படிச் சொல்லி வைத்தது நான்தான். எடை குறைக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் பாதியில் விட்டவள். தவக்கால நேர்ச்சை என்றால் யாரும் தட்டில் சோறு வைத்து வற்புறுத்த மாட்டார்கள்.

இன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்துதான் வீட்டுக்குள் நுழைந்தேன். சோற்றுப் பானையைத் திறந்து அகப்பையையும் எடுத்துவிட்டேன். பின்னால் மகன் வந்து நின்றான். எட்டு மாதமாக அறையை விட்டு வெளியே வராதவன்.

"அம்மா, எனக்காக நீங்க சோத்த விட்டத மேரி அக்கா போன்ல சொன்னாங்க. திங்கக்கெழம சிலிம் ரிவர் டவுன்ல ஒரு இண்டர்வியூ இருக்கு. போயிட்டு வாரேன்."

பானையை மூடிவிட்டேன். அலாரம் ஐந்தரைக்கு வைத்திருக்கிறேன். முட்டி இப்போதே வலிக்கிறது.