அம்மன் எனக்குள் வரவில்லை

அன்புள்ள அக்கா,

வாவிக்கரைக் கோயிலில் சடங்கு நேற்று முடிந்தது. நீ லண்டன் போனபின் எங்கள் குடியில் தெய்வம் ஆட யாருமில்லை என்று, கோயிலை நடத்தும் வண்ணக்கர் என்னைத்தான் பிடித்தார். "அக்கா இல்லாட்டித் தங்கச்சிக்கு வரும், மகள். உள்ளுக்குள்ள தேடு" என்றார்.

ஏழு நாள் மரக்கறி மட்டும் சாப்பிட்டு, கண்ணை மூடித் தேடினேன். உள்ளே முழங்கால் வலி இருந்தது. சின்னவளின் கிழிந்த சப்பாத்து இருந்தது. அவளின் அப்பா இறந்து மூன்று வருடமாகியும் அவருடைய இருமல் இருந்தது. அம்மன் இல்லை. எனக்குள் அவ்வளவுதான் இடம் போலும்.

நேற்று உடுக்கு அடித்தபோதும் கட்டைபோல நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வெட்கம் தாங்காமல் வேப்பிலையைப் பிடித்து, தலைமுடியை விரித்து, உன்னைப்போலவே நானாக ஆடினேன்.

உடனே கிரானிலிருந்து வந்த ஒருத்தி, பேச்சு வராத மகனோடு என் காலில் விழுந்தாள். "தாயே, எண்ட புள்ள எப்ப பேசுவான்?"

வாயைத் திறந்தால் "பேசுவான்" என்று வந்துவிடும். அவ்வளவு சுலபம், அக்கா! "எனக்குத் தெரியா தங்கச்சி, டொக்டரிட்டக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்ணக்கர் காலையிலும் வந்து ஏசிவிட்டுப் போனார்.

அதே கோயில் வாசலில் என் கணவருக்காக நானும் உன் காலில் விழுந்தேனே. "இருமல் தானா மாறும், ஆஸ்பத்திரி வேணாம்" என்று உன் வாயால் வாக்கு வந்தது. அதை நம்பி இரண்டு மாதம் அவரை வீட்டிலேயே வைத்திருந்தேன்.

அன்று பேசியது யார்? நீ என்றால் எழுது, எப்படியும் மன்னித்துவிடுவேன். அம்மன் என்றால் எழுதாதே.

உன் தங்கச்சி