நாலு அணில்களின் சூடு

எட்மன்டன், கனடா
12.11.1957

அன்பின் மச்சான் அருளம்பலம்,

வீட்டில் எல்லாரும் சுகமா? நான் அல்லாஹ்வின் அருளால் சுகம். விரல்கள்தான் குளிரில் விறைக்கின்றன.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்குள்ள தரை அணில்கள் குளிர்காலம் முழுக்கச் சுருண்டு தூங்கும். தோலுக்குக் கீழே மெல்லிய கம்பி வைத்து அவற்றின் உடம்புச் சூட்டை மணிக்கு மணி அளக்கிறேன். முப்பத்தேழு பாகையில் இருந்த உடம்பு ஐந்துக்கு இறங்கிவிடும். தொட்டால் கல் மாதிரி. ஆனால் உயிர் இருக்கும்.

ஒரு சந்தேகம். சூடு ஒரேயடியாக இறங்கவில்லை. முதல் நாள் முப்பதுக்கு இறங்கித் திரும்ப ஏறியது. மறுநாள் இருபத்தைந்து, திரும்பவும் ஏற்றம். அதற்கடுத்த நாள் இருபது. நாலு அணிலிலும் இப்படித்தான். கம்பி பழுது என்கிறார் பேராசிரியர். வரைபடங்களை இத்துடன் அனுப்புகிறேன். இப்படியான விசயத்தில் உன் கண் என்னுடையதைவிடக் கூர்மை. நீயும் பழுது என்றால் அந்த நாட்களை நீக்கிவிடுவேன்.

உம்மாவை ஒருக்கால் போய்ப் பார்.

உன் ஸுஹைர்


ஓர்ஸ் ஹில், திருகோணமலை
1.12.1957

அன்பின் ஸுஹைர்,

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரே மழை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற அறை ஒழுகுகிறது. இருந்த ஒரே வெப்பமானியும் போன கிழமை உடைந்துவிட்டது. உனக்கு ஒவ்வொரு அணிலுக்கும் ஒரு கம்பி. நல்லது.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குப் போனனான். உன் உம்மா சோறு போட்டு, நான் சாப்பிட்டு முடியும்வரை உன் கதைதான். "அவன் மாதிரி மூளை இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் இல்லை, மகன்" என்றா. ஓம் என்றேன். இந்தக் கனடாப் புலமைப்பரிசிலின் நேர்முகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் கொழும்புக்குப் போனது அவவுக்கு நினைவில்லை.

வரைபடங்களைப் பார்த்தேன். பேராசிரியர் சொல்வது சரி. கம்பிதான் பழுது. நீக்கிவிடு.

அருளம்பலம்


எட்மன்டன்
3.1.1958

அன்பின் மச்சான்,

நீக்கிவிட்டேன். மனம் ஏனோ கேட்கவில்லை, ஆனாலும் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மார்ச்சில் ஆய்வறிக்கையை ஒப்படைக்க வேண்டும். நன்றி சொல்லும் பக்கத்தில் முதலில் உன் பெயர்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். நேர்முகத்தில் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு, ரயிலில் நீ எனக்கு விளங்கப்படுத்தியதைத்தான் விடையாகச் சொன்னனான். உன்னை அந்தக் கேள்வி கேட்கவே இல்லை. இவ்வளவு நாளும் சொல்ல வெட்கமாக இருந்தது.

உன் ஸுஹைர்


ஓர்ஸ் ஹில்
20.1.1958

ஸுஹைர்,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

கம்பி பழுது இல்லை. வரைபடத்தை விரித்த உடனேயே எனக்குத் தெரிந்தது. நாலு கம்பிகளும் ஒரே மாதிரிப் பழுதாக ஏலாது. அணில்கள் குளிரைப் பழகிப் பார்க்கின்றன. கடலில் இறங்குகிறவன் முதலில் காலை மட்டும் நனைத்துவிட்டுக் கரைக்கு வருவதில்லையா, அப்படி. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் ஆழம்.

இதைக் கண்டுபிடித்தவன் நானாக இருந்திருக்க வேண்டும் என்று மனம் எரிந்தது. எனக்குக் கிடைக்காதது உனக்கும் வேண்டாம் என்றுதான் அப்படி எழுதினேன். உன் உம்மாவின் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதினேன்.

ரயில் கதையை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீ சொல்லிவிட்டாய், நான் சொல்லவில்லை என்பதுதான் நெஞ்சில் நின்றது.

அந்த நாட்களைத் திரும்பச் சேர். என் பெயரை எடுத்துவிடு.

அருளம்பலம்


எட்மன்டன்
14.2.1958

மதிப்புக்குரிய அருளம்பலம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீக்கிய நாட்களைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். பேராசிரியரும் ஒத்துக்கொண்டார். அணில்கள் ஏன் அப்படிச் செய்கின்றன என்ற விளக்கம் உங்களுடையது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அதனால் பெயரை எடுக்க ஏலாது.

அடுத்த வருசம் ஊருக்கு வருவேன். தெருவில் கண்டால் நின்று சுகம் கேட்பேன். அதற்கு மேல் என்னால் முடியுமென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மு. ஸுஹைர்