பினாங்கில் நாலு நாள் வீடு

3.5.17 புதன்

நாளை கத்திரி ஆரம்பம். இன்றைக்கே மேசைக் கண்ணாடி சுட்டது. ஆபீஸ் வேலையாக மூன்று கம்பெனி குவார்ட்டர்ஸை சாமான் சரிபார்த்துத் திரும்ப வாங்கினேன், மூன்றும் ரிட்டயர் ஆனவர்கள் காலி செய்தது. ஒன்றில் ஃபேன் இரண்டைக் காணோம். கேட்டால், “நாங்க வரும்போதே வெறும் கொக்கிதான் சார் இருந்துச்சு.” முப்பத்தோரு வருடமாக இதே பதில். ஒருத்தராவது புதிதாக ஒரு பொய் சொல்லக் கூடாதா.

பெங்களூரிலிருந்து பையன் போன். மலேசியாவில் பினாங்குக்கு இரண்டு டிக்கெட், ஜூன் 10, எடுத்தே விட்டானாம். ரத்து செய்தால் காசு திரும்பாது. தங்க இடம் நான் பார்க்க வேண்டும். எல்லாம் அவன் அம்மா விஜயாவுக்காக. லீவு விட்டால் அவள் அண்ணன் வீடு, இல்லாவிட்டால் என் அக்கா வீடு. எங்கே போனாலும் மறுநாள் காலையில் கரண்டி இவள் கையில். போன மாதம் சொன்னாள்: “நம்மள யாருக்குமே தெரியாத ஊர்ல நாலு நாள் இருக்கணுங்க. அது போதும்.”

ஹோட்டல் சாப்பாடு என் வயிற்றுக்கு ஆகாது. சமையல்கட்டோடு வாடகை வீடாகப் பார்க்கிறேன், உனக்கு ஒரு சிரமமும் இருக்காது என்றேன். துணி மடிக்கப் போய்விட்டாள். சந்தோஷம் போலிருக்கிறது.

5.5.17 வெள்ளி

வீடு கிடைத்தது! இண்டர்நெட்டில் பார்த்தேன். கடல் பக்கம், மூன்று படுக்கையறை, மற்ற வீடுகளில் பாதி வாடகை. சொந்தக்காரர் வெள்ளைக்காரர், லண்டனில் இருக்கிறாராம். முழு வாடகையும் அனுப்பினால் சாவி கூரியரில் வரும். தங்கமான மனிதர். கடிதத்துக்குக் கடிதம் விஜயாவின் உடம்பை விசாரிக்கிறார்.

நான் சும்மா நம்பிவிடுவேனா. வீடு அவருடையதுதான் என்பதற்கு அட்டெஸ்டேஷனோடு நகல் கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் வந்தது. வட்ட முத்திரை, இரண்டு கையெழுத்து. ஒன்று பச்சை மை! இதற்கு மேல் என்ன வேண்டும்.

8.5.17 திங்கள்

காலை, வாடகை அனுப்ப பாங்க். சர்வர் வேலை செய்யவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றேன், பாங்க்காரர்களை மனதுக்குள் வைதுகொண்டே திரும்பினேன்.

மத்தியானம் வி.யிடம் வீட்டுப் படங்களைக் காட்டினேன். ஹாலில் சுவரோடு சுவராக இருப்பது என்ன என்று கேட்டாள். கணப்பு, குளிருக்கு விறகு போட்டு எரிக்கிறது, அந்த ஏற்பாடெல்லாம் உண்டு என்று பெருமையாகச் சொன்னேன்.

“பினாங்குல எதுக்குங்க?”

அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மரத்தில் ஒரு இலை இல்லை. அது என்ன பினாங்கு, சீமையில் ஏதோ ஒரு வீடு. அடுத்தவன் வீட்டில் ஒரு பல்பு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள் நான். அந்த சர்வர் நன்றாக இருக்கட்டும்.

கலியமூர்த்தியிடம் மட்டும் சொன்னேன். என் செக்‌ஷன் டைப்பிஸ்ட், குறிஞ்சிப்பாடிக்காரன், வாய் ஜாஸ்தி. “சாவிய கூரியர்ல அனுப்பறன்னு அவன் சொல்லிகினு இருக்கான், நீங்களும் கேட்டுகினு இருந்தீங்களா சார்?” சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்காரர் வரைக்கும்.

9.5.17 செவ்வாய்

பயண இன்சூரன்ஸ் பாலிசி வாங்கி வந்து படித்தேன். பதினாலு பக்கம், எறும்பு எழுத்து. விமானம் தாமதமானால் உண்டு. பெட்டி தொலைந்தால் உண்டு. பல்வலிக்கு உண்டு. உயிர் போனால் உடம்பைக் கொண்டு வந்து சேர்க்க உண்டு (இதை வி.க்குப் படித்துக் காட்டவில்லை). நாமாகவே ஒருத்தனுக்குக் காசு கொடுத்து ஏமாந்தால் கிடையாது.

ஏஜெண்ட்டைக் கேட்டேன். “ஏமாந்ததுக்கெல்லாம் குடுத்தா கம்பெனி ஒரு வாரம் தாங்குமா சார்?” நியாயம்தான்.

11.5.17 வியாழன்

வேறு வீடு. இந்தத் தடவை தமிழம்மா, பினாங்கிலேயே இருக்கிறார். பாக்கியம் டீச்சர், ஓய்வு பெற்றவர். வாடகையை இணையதளமே வைத்திருந்து நாம் வீட்டுக்குள் போன பிறகுதான் அவருக்குத் தரும். மலேசியாவில் பள்ளி விடுமுறையாம், ஜூன் 10க்கு நமக்குக் கட்டுப்படியாவது இது ஒன்றுதான் மிச்சம்.

இனி ஏமாற மாட்டேன். ஆபீஸ் ஃபார்மை மாதிரி வைத்து, வீட்டில் இருக்க வேண்டிய சாமான் பட்டியல் தயாரித்தேன். நாற்பத்தாறு அயிட்டம், ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கம் நாணயம் தெரிய வேண்டுமே என்று இன்னொரு தாளும் இணைத்தேன். காலி செய்கிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று: புது ஃபேனைக் கழற்றிப் பழையதை மாட்டுவது, பித்தளைக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வைப்பது, சுவிட்ச் போர்டுக்குள்ளிருந்து ஒயரை உருவுவது. மொத்தம் பதினேழு வழி. கலி. டைப் அடித்தான். அடிக்கும்போது ஏன் சிரித்தான் என்று தெரியவில்லை. வி.யிடம் காட்டவில்லை.

12.5.17 வெள்ளி

டீச்சரின் பதில்: “ஐயா, இவ்வளவு திருட்டு வழி தெரிந்தவரை நான் எப்படி என் வீட்டில் விடுவது?”

விளக்கம் எழுதினேன், மூன்று பக்கம். மதியம் இன்னொரு பதில். போன வருடம் வந்தவர்கள் தாளித்தே சமையல்கட்டுக் கூரையைக் கறுப்பாக்கிவிட்டார்களாம். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நஷ்ட ஈடு இல்லை என்று இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம். ஆகவே ஆயிரத்தைந்நூறு வெள்ளி டெபாசிட். அவர்கள் ஊர்க் காசு. கணக்குப் பார்த்தேன், டிக்கெட்டை விட அதிகம். அதையும் வீடியோவில் எங்களைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வாராம்.

நான் குளிக்கப் போன நேரத்தில் வி. எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பதினேழு வழி உட்பட. ராத்திரி உப்புமா. முந்திரி இல்லாமல். பண்ருட்டி பக்கத்தில் இருந்துகொண்டு முந்திரி இல்லாத உப்புமா என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இந்த வீடும் போனால் டிக்கெட்டைக் கிழிக்க வேண்டியதுதான். தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது நாலே நாலு நாள்.

13.5.17 சனி

11 மணிக்கு வீடியோ கால். இஸ்திரி போட்ட சட்டை, ஆபீஸ் அடையாள அட்டை. டீச்சர் கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மா. “பசியாறிட்டீங்களா?” என்றுதான் ஆரம்பித்தார். நான் கேட்டபடி ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினார். ஃபேன் எல்லாம் ஓடியது. கணப்பு இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன்.

பிறகு, உங்கள் வீட்டையும் காட்டுங்கள் என்றார். எதிர்பார்க்கவில்லை. ஹாலோடு நிறுத்தப் பார்த்தேன். சமையல்கட்டு என்றார். குழாயில் துணி சுற்றியிருக்கிறது, எங்களுடையதும் குவார்ட்டர்ஸ்தான், பிப்ரவரியிலேயே கம்ப்ளைன்ட் கொடுத்தது, என் செக்‌ஷனிலேயே கிடக்கிறது. அதை உடம்பால் மறைத்தேன். மறைத்ததில் அடுப்புக்கு மேல் சுவர் தெரிந்துவிட்டது.

“அந்தச் சுவரு ஏன் ஐயா அப்படிக் கறுத்துப்போய் இருக்கு?”

லிக்னைட் என்றேன். சுரங்க ஊர், காற்றில் கரி பறக்கும் என்றேன். முகம் மாறாமல் சொன்னேன், கொக்கி ஆசாமி போலவே.

வி. போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

“லிக்னைட் இல்லம்மா. இருபத்தெட்டு வருஷம் நான் தாளிச்சது.”

போச்சு என்று நினைத்தேன்.

“ஒண்ணு பண்ணுங்க டீச்சர். சமையல்கட்டப் பூட்டி, சாவிய நீங்களே வச்சுக்குங்க. எங்களுக்கு வேணாம்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயாவுக்குச் சாப்பாடு என்று இழுத்தார். ஊரில் கடை இருக்குமில்லையா என்றாள் இவள். இருக்கிறது, தெருமுனையிலேயே இருக்கிறது என்று டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். இவளும் சிரித்தாள். டீச்சரின் வீட்டுக்காரரும் முப்பத்தாறு வருடம் வெளியில் சாப்பிடாதவராம். அப்புறம் என்னைப் பற்றியும் அவரைப் பற்றியும் முக்கால் மணி நேரம். போனில் சார்ஜ் தீர்ந்ததும்தான் விட்டார்கள். டெபாசிட் வேண்டாமாம்.

பிறகு போய் அந்தச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஊரார் வீட்டுச் சுவரில் ஆணி அடித்த ஓட்டையை எல்லாம் எண்ணி எழுதியிருக்கிறேன். இதை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. பினாங்கில் முதல் நாள் மட்டும் ஒரு தயிர் சாதம் என்று வி.யிடம் கேட்கலாமென்று போனேன். கேட்கவில்லை.

14.5.17 ஞாயிறு

வெயில். எட்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது.

பாக்கியம் டீச்சரிடமிருந்து உறுதிக் கடிதம், என் நம்பருக்கு இல்லை, வி. நம்பருக்கு. சத்தமாகப் படிக்கச் சொன்னாள். வீடு எடுப்பவர்: திருமதி விஜயா. உடன் வருபவர்: ஒருவர்.

என் பெயரைப் போட மறந்துவிட்டார்கள் என்றேன்.

“கேட்டாங்க. வேணாம்னுட்டேன்.”