சண்டையே போடாத தம்பதி

கர்ட்,

காட்டரிசி சூப் அடுப்பில் இருக்கிறது. நாம் பெண்ணைத் தத்தெடுப்பதற்காக வீட்டை விசாரிக்கிற அம்மாள் நாலு மணிக்கு மறுபடி வருகிறாள். அதற்குள் நானும் வந்துவிடுவேன். வேட்டைத் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வை.

போன தடவை, "நாங்க சண்டையே போட்டதில்லைங்க" என்று அளந்தாய். அவள் நம்பவில்லை. அதனால்தான் இந்த இரண்டாவது விசாரணை, அதற்கு இன்னொரு கட்டணம், அதைக் கட்ட என்னைக் கேட்காமல் நீ விற்ற படகு.

இன்று கேட்டால் படகுக்காக நேற்று ராத்திரி போட்ட சண்டையைச் சொல்லிவிடு. "பொண்ணை எதுல ஏத்திக்கிட்டு மீன் புடிக்கப் போவே?" என்று நான் கத்தியதையும் சொல்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மார்லிஸ்

பி.கு: கொலம்பியாவிலிருந்து நம் மகள் வருவதற்குள் ஏரி உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கப் படகு எதற்கு? துளை போடுகிற கருவியை மட்டும் விற்றுவிடாதே.