உன் குரலை வைத்துக்கொண்ட வண்டி

மச்சான்,

இன்று காலை திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட்டில் ஷேர் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். பின்னாலிருந்து நீ கூப்பிட்டாய். "அக்கா, நான் வந்துட்டேன்! பக்கெட்ட எடுத்துக்கினு வெளிய வாங்க!" நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. திரும்பிப் பார்த்தால் அதே சலவைத்தூள் வண்டி. புதுப் பெயின்ட், புது டிரைவர்.

அந்த வண்டியை நான் ஓட்டினேன், நீ மைக் பிடித்தாய். பக்கவாட்டுக் கதவை இறக்கினால் அதுவே மேடை. ஒருமுறை சிதம்பரம் கீழ வீதியில் கூட்டமே சேரவில்லை. என் சட்டையைக் கழற்றி வாங்கி எல்லார் முன்னாலும் துவைத்தாய். "இவரு எங்க டிரைவரு. இந்தச் சட்டையவே வெளுத்துட்டோம்னா ஒங்க ஊட்டு அழுக்கு எம்மாத்திரம்!" பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிந்தேன். கூட்டம் உன் வாய்க்குத்தான் வந்தது மச்சான், வண்டிக்கு இல்லை. அது கம்பெனிக்கும் தெரியும்.

அதனால்தான் சூப்பர்வைசர் உன்னைப் புதுச்சேரிக்கு ரெக்கார்டிங்குக்கு அழைத்துப் போனான். தொண்டை கட்டும் நாளுக்கு ஆகுமாம். நீயும் சும்மா பேசிவிட்டு வராமல் நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி, நேரில் நின்று கூப்பிடுவது போலவே பேசிக் கொடுத்தாய். "ஏன்டா இவ்ளோ பேசுன?" என்றேன். "பேசுறதுல என்னா மச்சான் கொறஞ்சிடப் போவுது?" என்றாய். அடுத்த மாதமே மைக் பிடிக்க ஆள் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அடப்பாவி, உன் வேலைக்கு நீயே ஆள் வைத்துவிட்டு வந்திருந்தாய்.

நானும் சண்டை போட்டுச் சாவியை மேசையில் எறிந்தேன். நீ வேறு கம்பெனி வண்டிகளுக்கு அலைந்தாய். "ஒன் கொரல கேட்டா அந்த சோப்புத்தூள்தான்பா ஞாபகம் வருது" என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு மஞ்சள் காமாலை வந்து உன்னைக் கொண்டுபோனது. சாவுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று தெருவில் வண்டிதான் வந்தது. "அக்கா, நான் வந்துட்டேன்!"

மறுநாளே கடலூர் ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். "அந்தக் கொரல எடுத்துடுங்க சார், அவன் செத்துட்டான்." சூப்பர்வைசர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கம்பெனி சொத்துங்க" என்றான்.

விடப்போவதில்லை, மேலே எழுதிப் போடுகிறேன் என்று சொல்ல உன் வீட்டுக்குப் போனேன். உன் சம்சாரம் பதறிப்போனாள். "நிறுத்திடாதீங்கண்ணா. பாக்கெட் வாங்குனா வண்டி இன்னும் கொஞ்ச நேரம் நிக்குது." அவள் பின்னால் அடுப்பங்கரை அலமாரி முழுக்க அந்தத் தூள். ஒன்றையும் பிரிக்கவில்லை.

அந்தக் கம்பெனிச் சாமானைத் தொடுவதில்லை என்றிருந்தவன் நான். இன்று கேட் திறந்தும் ஆட்டோவை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள், உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள். இறங்கிப் போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். என் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. சும்மா கேட்டால் விடிய விடியப் பேசுவாயே மச்சான், உன் பேச்சையும் காசு கொடுத்துக் கேட்க வைத்துவிட்டார்களே.