உங்கள் கட்டை எது?

ஜனவரி 20, திங்கள்

காலையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் கேட்டது குக்கர் கேஸ்கட். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் அனுப்பியிருந்த லிங்க்கைத் திறந்தேன். இசையைக் கேட்கப் பழகும் பாடம், எட்டு வாரம், தமிழில், இலவசம். ராஜமதி, வயது 47, பாத்திரக் கடை, செஞ்சி என்று பதிந்தேன். 'ஏன் சேர்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாதாம். 'சும்மா' என்று போட்டேன்.

சும்மா இல்லை. இங்கேயாவது உண்மையை எழுதலாம். கல்யாணமாகி வந்த வருஷம், மகாவீர் ஜெயந்திக்கு மேல்சித்தாமூர் சமண மடத்தில் எங்கள் வகையறாப் பெண்கள் எட்டுப் பேர் தோத்திரம் பாட நின்றோம். இரண்டு அடி போயிருக்கும். ஓரகத்தி அனந்தி அக்கா என் காதோரம் குனிந்து, "இன்னா இப்டி கட்டக் கொரலா இருக்குது? நீ வாய மட்டும் அசை, போதும்" என்றாள். அசைத்தேன். இருபத்துமூன்று வருஷமாக அசைக்கிறேன். எனக்கு நிஜமாகவே பாட வராதா? அது தெரிந்தால் போதும்.

ஜனவரி 26, ஞாயிறு

முதல் பரீட்சை. இரண்டு ஒலி வரும், எது மேலே எது கீழே என்று சொல்ல வேண்டும். பத்துக்கு ஒன்பது! அந்த ஒன்றும் லாரிக்காரன் ஹாரன் அடித்ததால் போனது. காது செவிடில்லை. அப்படியானால் கோளாறு தொண்டையிலா?

பிப்ரவரி 1, சனி

ஐந்தரைக்கு நேரடி வகுப்பு. சமணர் வழக்கப்படி எங்கள் வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும். போனைச் சுவரில் சாய்த்துவைத்து, கேமராவை மூடிவிட்டு, பரிமாறிக்கொண்டே கேட்டேன். மைக்கை மூடவில்லை. டீச்சர் 'ச' பிடித்து நிற்கிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரர், "கூட்டுல உப்பு போட்டியா இல்லியா?" என்றார். நாற்பது பேர் கேட்டார்கள். டீச்சர் சிரித்துவிட்டு, "சார் குரல் நல்லா சுருதியோட இருக்கு" என்றார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

டீச்சர் எல்லோருக்கும் ஒரு கேள்வி போட்டிருக்கிறார்: 'உங்கள் கட்டை எது?'

படித்ததும் முகம் சூடாகிவிட்டது. இங்கேயுமா? என் குரலை இவர் இன்னும் கேட்டதே இல்லையே! 'ஆமாம், பிறந்ததிலிருந்து கட்டைக் குரல்தான். இதைச் சொல்லிக் காட்டத்தான் இலவசமாக நடத்துகிறீர்களா?' என்று அடித்து அனுப்பிவிட்டுப் போனைக் குப்புறப் போட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மானம் போச்சு. மற்றவர்கள் 'ஐந்து', 'ஐந்தரை', 'ஒன்று' என்று எண் எழுதியிருக்கிறார்கள். கட்டை என்றால் சுருதியின் அளவாம். ஹார்மோனியத்தில் விரல் வைக்கிற கட்டை இருக்கிறதே, அதில் எந்தக் கட்டையிலிருந்து ஒருவர் பாட ஆரம்பிக்கிறாரோ அது அவருடைய கட்டை. எண் ஏற ஏறச் சுருதியும் மேலே போகுமாம். டீச்சர் பொறுமையாக எழுதியிருந்தார்: 'அம்மா, எல்லோருக்கும் ஒரு கட்டை உண்டு. உங்களுடையதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.'

எல்லோருக்கும் உண்டு. இதை நாலு தடவை படித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். மூன்று!

பாடினால் சுருதி காட்டும் ஒரு ஆப் தந்திருக்கிறார்கள். மாடியில் போய்ப் பாடினேன். மூன்று கட்டையில் ஆரம்பித்தால் குரல் தானாக வருகிறது. மேலேயும் போகிறது, கீழேயும் வருகிறது, எங்கேயும் பிசிறவில்லை. எனக்கு வருது. வருதுடி ராஜமதி. இத்தினி வருஷம்... அழுதேன். பிறகு காயவைத்த வடகத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இப்போது கடையில் எதைத் தட்டினாலும் கட்டை பார்க்கிறேன். கீறல் இருக்கிறதா என்று எல்லோரும்தான் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் ஆப்பை வைத்துக்கொண்டு தட்டுகிறேன். கடையில் வேலை செய்யும் பூவாயி கேட்டுவிட்டாள்: "இன்னாக்கா, எல்லாத்தயும் தட்டிக்கினே இருக்குற? லோடு பூரா ஓட்டையா?" என் மூன்று கட்டை பெரிய பித்தளை அண்டாவில் இருக்கிறது. ஒரு சொம்பு நாலரை.

பிப்ரவரி 27, வியாழன்

அமாவாசை. மலையனூர் கோயில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டமெல்லாம் கடை வாசலில். பாடம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுப்பாடம்: பலர் சேர்ந்து பாடுவதைப் பதிவு செய்து, எத்தனை குரல் என்று காதால் எண்ண வேண்டும். நல்ல வேளை, இன்று அனந்தி அக்கா வீட்டில் ஜெயந்திக்கு ஒத்திகை. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தேன். அக்கா ஆரம்பிக்கும் இடம் ஆறு கட்டை. நான் வழக்கம்போல அசைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

என்னைக் கழித்தால் ஏழு வர வேண்டும். மூன்றுதான் வருகிறது.

ஹெட்போன் போட்டும் மூன்று. மறுபடியும் மூன்று. அப்படியானால் மற்ற நாலு பேர்?

மார்ச் 16, ஞாயிறு

இன்றைய ஒத்திகையில் நான் யார் வாயையும் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் மாலினி, வாயை அகலமாகத் திறந்து மூடுகிறாள். தொண்டை அசையவே இல்லை. அட கள்ளி! பதினைந்து வருஷமாக என் பக்கத்தில் நின்று எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள் என்று பொறாமைப்பட்டிருக்கிறேனே!

வெளியே வந்ததும் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தாள். "மேல எட்டலக்கா. அனந்தி அக்காதான் வாய அசைச்சா போதும்னுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதக்கா." நானும் அப்படித்தான் என்றேன். நடுத்தெருவில் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மார்ச் 23, ஞாயிறு

ஜெயந்திக்கு இன்னும் பதினெட்டே நாள். இந்த வருஷமும் அசைத்தால் இனி சாகிறவரை அசைப்புதான். ஆனால் அக்காவிடம் எப்படிச் சொல்வது? தேன்கூட்டில் கை வைக்கிற வேலை.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். இல்லை, சொல்லவில்லை. பதிவை அக்கா காதில் வைத்து, "எத்தினி பேரு பாடறோம்னு எண்ணுக்கா" என்றேன்.

"எட்டுப் பேருதான்" என்றாள் எரிச்சலாக. பிறகு கண்ணை மூடிக் கேட்டாள். விரல் மூன்றோடு நின்றுவிட்டது.

"மீதி பேரு?"

"வாய அசைக்கறோம். நீதான சொன்ன."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "வருசா வருசம் சத்தம் பத்தலியேன்னுதாண்டி நான் சுருதிய ஏத்திக்கினே போனேன்" என்றாள்.

அவள் ஏற்ற ஏற்ற ஒவ்வொருத்தியாக வாயடைத்திருக்கிறோம். சத்தம் குறையக் குறைய அவள் இன்னும் ஏற்றியிருக்கிறாள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

என் மூன்றுக்கும் அவள் ஆறுக்கும் நடுவே, நாலரையில் பாடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இன்னாத்த நாலர?" என்றாள். விளக்கினேன். என் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போக முடியாது, சுருதி பிடிக்க அந்த நாலரைச் சொம்பு போதும்.

ஏப்ரல் 10, வியாழன்

மகாவீர் ஜெயந்தி. மடத்தில் நல்ல கூட்டம். அக்கா என்னைப் பார்த்தாள். சொம்பைத் தட்டினேன். ஆரம்பித்தோம்.

என் குரல் என் காதில் விழுந்தது. முதல் அடியில் நடுங்கியது, இரண்டாவதில் நின்றது. மாலினி குரல் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரியும். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் விலகவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

மூன்றாவது தோத்திரம் ரொம்பக் கீழே இறங்கும். அங்கே ஒரு குரல் குறைந்தது. திரும்பினேன். அனந்தி அக்கா வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அசைத்துக்கொண்டே சிரித்தாள்.

இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டுமே என்று வேனிலேயே புளிசாதத்தைப் பிரித்தோம். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

"அந்தப் பாடத்த எனக்கும் போட்டுக் குடு. கீழ போறதுக்குக் கத்துக்கணும்."

பெயர், வயது, ஊர் எல்லாம் அடித்தேன். அந்தக் கட்டம் வந்தது.

"ஏன் சேர்றன்னு கேக்குதே. இன்னாடி எழுதறது?"

"சும்மான்னு போடுக்கா" என்றேன்.