சங்கரி பேரில் ஓடினது

விக்கிரமசிங்கபுரம்,
12.10.1997, ஞாயிறு.

அன்புள்ள பேத்தி சங்கரிக்கு,

உன் ஆச்சி வடிவம்மாள் எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் கலங்கி வருகிறது. அமெரிக்காவில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஆடியில் போனில் பேசினதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. யாரைக் கட்டிக்கொள்வது என்று நீயே முடிவு செய்துவிட்டுச் சொன்னாய், நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நானும் போடவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இது வேறு சங்கதி.

நம் முன்னறைக் கம்ப்யூட்டர் சென்டரில், மே மாதம் நீ வந்திருந்தபோது ஒன்றைத் தட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றியது. தினமும் காலை எட்டு மணிக்கு மெஷின் மூன்று தடவை சத்தம் கொடுக்கும். திரையில் "ஆச்சி, மாத்திரை" என்று இங்கிலீஷ் எழுத்தில் வரும். படிக்க வருகிற பிள்ளைகள், "ஏ ஆச்சி, அமெரிக்காவுல இருந்து ஆர்டர் வந்துட்டு, மாத்திரையப் போடுங்க" என்று கத்தும். "படிக்க வந்தியளா, பராக்குப் பாக்க வந்தியளா" என்று ஏசுவேன். ஏசிக்கொண்டே போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டின அறைக்குள் அது மட்டும் தனியாகச் சத்தம் கொடுக்கும். கரண்டு போனாலும் பாட்டரியில் நிற்காமல் ஓடியது.

போன வியாழக்கிழமை டீச்சர் சாலோமி, பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, மெஷின் பாரம் தாங்காமல் மந்தமாகிவிட்டது, பழைய மாணவர்கள் ஓடவிட்டுப் போனதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்றாள். நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பி.எஸ். என்று ஏதோ தட்டினாள். உள்ளே ஓடுகிறதெல்லாம் வரிவரியாக வந்தது. யாருடையது, அதற்கு என்ன நம்பர், எந்த நம்பருக்குப் பிறந்தது, என்றைக்குத் தொடங்கியது என்று எல்லாம் இருக்கிறது, ரேஷன் கார்டு மாதிரி. அஞ்சாம் வகுப்பில் படித்த இங்கிலீஷ் எழுத்து எனக்கு இன்னும் மறக்கவில்லை. கூட்டிக்கூட்டி உன் பெயரை நானே கண்டுபிடித்தேன். மே 3. நீ நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறின நாள்.

"இத்தனை மாசத்துல இது வேலை பாத்தது மொத்தமே ஒரு நிமிஷந்தான் ஆச்சி" என்றாள் சாலோமி. "மத்த நேரமெல்லாம் எட்டு மணி எப்ப வரும்னு தூங்கிக்கிட்டுக் கெடக்கு." தூங்குகிறது வேறு, நின்றுபோகிறது வேறாம்.

இதை மட்டும் விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் என் முகத்தையே பார்த்தன. நான்தான், "போனவளோடது எதுக்குக் கெடக்கு? எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தான். நிறுத்து" என்றேன். அந்த நம்பரைத் தட்டினாள். வரி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பார்த்தால் அது உள்ளங்கை ஈரத்தில் பாதி மாவாகிக் கிடந்தது. சாலோமியிடம் போய்ச் சொன்னேன். "எட்டு மணிக்கு மில்லு சங்குதான் ஊதுதே ஆச்சி" என்றாள். சங்கு ஊருக்கெல்லாம் ஊதுகிறது.

நல்ல பிள்ளைதான். பத்து நிமிஷத்தில் தானே ஒன்று எழுதிப் போடுவதாகச் சொன்னாள். யார் பேரில் நிற்கும் என்று கேட்டேன். அவள் பேரில்தான் நிற்குமாம். உன் பேரில் உள்ளே போக உன்னுடைய ரகசியச் சொல் வேண்டுமாம். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒருவேளை எங்கேயாவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு ஓடாதா என்று, உன் பெயரை மட்டும் தேடச் சொன்னேன். ஒரு வரி வந்தது. அதில் சங்கரி என்று இருந்தது. "இருக்குல்லா டீச்சர்!" என்று கத்தியே விட்டேன். பிள்ளைகள் சிரித்தன. சாலோமி சிரிக்கவில்லை. "அது சங்கரியோடது இல்ல ஆச்சி. சங்கரின்னு பேரு போட்டுத் தேடுத வேலையும் இதுக்குள்ளதான ஓடுது, அந்தப் பேரோட அதுவும் வரிசையில வந்து நிக்கும்" என்றாள். மறுபடியும் தேடச் சொன்னேன். மறுபடியும் அந்த ஒரு வரிதான், நம்பர் மட்டும் வேறு. மூன்றாம் தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது.

இன்றைக்கு சென்டர் பூட்டியிருக்கிறது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கேட்க ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

தை மாதம் உனக்கு லீவு கிடைக்குமா? அந்தப் பிள்ளையும் உன்னை மாதிரி கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறான் என்று போனில் சொன்னாய், நான் போனை வைக்கிறதுக்கு முன்னால். அப்படியானால் தட்டத் தெரிந்தவன்தான். வந்தால் முன்னறையில் நாற்காலி இருக்கிறது. நீ உன் பேரில் பழையபடி ஒன்றை ஓடவிடு. பக்கத்தில் அவன் பேரில் ஒன்று ஓடினாலும் நான் நிறுத்தச் சொல்லமாட்டேன்.

பாபநாசம் உலகம்மை உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆச்சி
வடிவம்மாள்